சலவைக்கூடத்து நடுக்கதவின் சாவி

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தாறு. வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றவள். பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில், துவைத்த துணிகளை வார்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பிரிவில் எழுத்தராக இருக்கிறேன். வசிப்பது தண்டவாளத்துக்கு அந்தப் பக்கக் குடியிருப்பில், கடைசி வரிசையில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீடு. அந்த வீட்டில் நானும் என் கணவரும் எங்கள் மகளும், சென்ற வாரம் வரை என் கணவரின் தங்கையும் இருந்தோம். இந்த வாக்குமூலத்தை என் கைப்பட எழுத அனுமதி கேட்டேன். காவல் ஆய்வாளர் அனுமதித்து, எதிரில் அமர்ந்திருக்கிறார்.

சம்பவத்தன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக என் நாத்தனார் படுத்திருந்த கட்டிலின் காலை உதைத்தேன். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. கட்டில் அதிர்ந்தால்தான் எழுவாள். அன்று கண்ணைத் திறக்காமலே என் பக்கம் திரும்பி, மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளுவது போல ஒரு விரலால் காட்டிவிட்டு, அதே விரலால் வாசலைக் காட்டினாள். மூக்குக்கண்ணாடி என்பது அவள் எனக்கு வைத்த பெயர். அண்ணி, வெளியே போ என்று அர்த்தம். அவள் எல்லோருக்கும் இப்படிப் பெயர் வைத்திருந்தாள். கையை வாயருகே வைத்து ஊதினால் என் கணவர், ஏனென்றால் அவர் தொழிலாளர் சங்கத்தின் சலவைக்கூடக் கிளைச் செயலாளர், மைக்கைக் கண்டால் முதலில் ஊதிப் பார்ப்பார். காற்சட்டையை இடுப்புக்கு மேல் இழுத்தால் மேலாளர். விரல் நுனியை நாக்கில் தொட்டு உதறினால், எங்கள் பிரிவில் இஸ்திரி போடும் அக்கா.

அதன் பிறகு நாங்கள் மூவரும் தண்டவாளத்தைத் தாண்டி வேலைக்குப் போனோம். கட்டடத்தின் மூலையில் அவள் பின்பக்க ஷட்டருக்குத் திரும்பினாள். நானும் என் கணவரும் முன்வாசல் வழியாகப் போனோம். இது ஏன் என்று ஆய்வாளர் கேட்டதால் சலவைக்கூடத்தின் அமைப்பை இங்கே சொல்கிறேன்.

கூடம் ஒரு சுவரால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. துவைக்கும் இயந்திரங்கள் அந்தச் சுவரிலேயே பதிந்திருக்கும். ஒரு பக்கம் அழுக்குத் துணியைப் போட்டால் மறுபக்கம் துவைத்த துணியை எடுக்கலாம். அதனால் ஒன்றை அழுக்குப் பக்கம் என்றும் மற்றதைச் சுத்தப் பக்கம் என்றும் சொல்வோம். அழுக்குப் பக்கத்தில் நீளமான மேசையில் பெண்கள் நின்று, வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை உதறி, ஊசி, கத்தி, பஞ்சு, சில நேரம் சொல்லக் கூசுகிற வேறு பொருள்கள் எல்லாவற்றையும் கையால் எடுத்துவிட்டு இயந்திரத்தில் போடுவார்கள். அந்த மேசையில் நிற்கும் எல்லோரும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண்கள். அந்தப் பக்கம் என்றால் என்னவென்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கழிவும் பிணமும் அள்ளும் வேலைகளுக்குத் தலைமுறை தலைமுறையாக அங்கிருந்துதான் ஆள் எடுப்பார்கள். வீடு கேட்டாலும் வேலை கேட்டாலும் முதல் கேள்வி எந்தப் பக்கம் என்பதுதான்.

என் கணவரும் அந்தப் பக்கம்தான். அந்தப் பக்கத்து ஆண்கள் இயந்திரம் ஓட்டலாம் என்று சங்கத்தில் போராடி வாங்கியவர் அவர். நானும் அந்தப் பக்கம்தான், பட்டம் இருப்பதால் சுத்தப் பக்கத்தில் நாற்காலி கிடைத்தது. இஸ்திரி அக்கா என்னிடம் பல முறை, "நீங்க வேற, அவங்க வேற. நீங்க படிச்சவங்க" என்று சொல்லியிருக்கிறார். பாராட்டாகத்தான் சொன்னார். என் நாத்தனாருக்குப் பட்டமும் இல்லை, சங்கமும் இல்லை, ஏனென்றால் மேசைப் பெண்கள் கான்ட்ராக்ட் ஆட்கள், சங்கத்தில் சேர முடியாது. மாதர் சங்கம் மாலைக் கூட்டங்களில் பேசுவதை அவளால் கேட்க முடியாது. காது கேளாதோர் சங்கம் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. ஒருமுறை நான் அழைத்துப் போனேன். அங்கே எல்லோரும் கையால் பேசினார்கள், அவளும் பேசினாள், நன்றாகத்தான் போனது. பிறகு ஒருவர் வீடு எங்கே என்று கையால் கேட்டார். அதன் பிறகு அவள் அங்கே போகவில்லை.

ஆனால் மேசையில் அவள் குறைந்தவள் இல்லை. அழுக்குப் பக்கத்து இயந்திர இரைச்சலில் காது உள்ளவர்களுக்கும் ஒன்றும் கேட்காது. அதனால் மற்றப் பெண்கள் எல்லோரும் அவளுடைய கைப்பேச்சைக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மேலாளர் வந்தால் ஒருத்தி காற்சட்டையை இழுத்துக் காட்டுவாள், மேசை முழுவதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனியும். அவளால் அபாய மணியைக் கேட்க முடியவில்லை, அதனால்தான் இறந்தாள் என்று செய்தித்தாளில் வந்திருப்பது தவறு. அந்த மணியை அந்தப் பக்கத்தில் யாரும் எந்த நாளும் கேட்டதில்லை.

இனி நடுக்கதவைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு பக்கத்துக்கும் நடுவே, அழுக்குப் பக்கத்தின் கடைசி மூலையில் ஒரு கதவு உண்டு. குடிதண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் சுத்தப் பக்கத்தில் மட்டும் இருப்பதால் மேசைப் பெண்கள் அந்த வழியாக வருவார்கள். வந்தவர்கள் சில நேரம் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சென்ற மழைக்காலத்தில் இஸ்திரி அக்காவும் இன்னும் இரண்டு பேரும் மேலாளரிடம் போய், அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் தங்களால் உட்கார முடியாது என்றார்கள். மேலாளர் அப்படி எழுதவில்லை. கிருமி பரவாமல் இருக்க நடுக்கதவைப் பூட்டி வைக்க வேண்டும் என்று எழுதினார். அந்தச் சமயத்தில்தான் கான்ட்ராக்டில் இருந்த சில இயந்திர ஆட்களை நிரந்தரமாக்கச் சங்கம் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தது. கதவைப் பூட்டச் சங்கம் ஒத்துக்கொண்டால் அவர்களை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொன்னது. சங்கம் ஒத்துக்கொண்டது. நிர்வாகத்தின் மேல் நம்பிக்கை இல்லாததால் சாவி சங்கத்திடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அன்றிலிருந்து சாவி கிளைச் செயலாளரிடம் இருந்தது.

இந்த இடத்தில் ஆய்வாளர் என் எழுத்தை நிறுத்தச் சொன்னார். "கிளைச் செயலாளர்னா உங்க வீட்டுக்காரர்தானே? வெளியில பெஞ்சில உட்கார்ந்திருக்காரே, அவர்தானே?" என்றார். ஆமாம் என்றேன். "இதை எழுதணுமான்னு யோசிச்சுக்குங்கம்மா" என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லித் தொடர்ந்து எழுதுகிறேன்.

சாவி வீட்டுக்கு வந்த அன்று மாலை நான் என் கணவரிடம், அவர்கள் தண்ணீருக்கு எங்கே போவார்கள் என்று கேட்டேன். "ஒரு கதவுதானேம்மா. கட்டடத்தைச் சுத்தி வந்தா குழாய் இருக்கு. முதல்ல நம்ம ஆம்பளைங்க நாலு பேரு நிரந்தரமா நிக்கட்டும். நின்னுட்டா பொம்பளைங்களை இழுத்துக்கலாம்" என்றார். அவர் மனதில் கபடம் இல்லை என்பதை இருபது வருடம் அவருடன் வாழ்ந்தவளாகச் சொல்கிறேன். இழுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தார். எங்கள் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்ட நாத்தனார், எழுந்து நின்று அண்ணனுக்கு வாட்ச்மேன் போல ஒரு சல்யூட் வைத்தாள். பிறகு அவர் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, பை கிழிந்துவிடும், ஜாக்கிரதை என்று காட்டினாள். அவரும் சிரித்தார். என் மகளும் சிரித்தாள்.

அதன் பிறகு மேசைப் பெண்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் நடுக்கதவை இரண்டு முறை தட்டுவது வழக்கமாயிற்று. கதவுக்குக் கீழே ஒரு விரற்கடை இடைவெளி உண்டு. சுத்தப் பக்கத்தில் யாராவது மனது வைத்தால் மெல்லிய ரப்பர் குழாயை அதன் வழியாகச் செருகித் தண்ணீர் விடுவார்கள். தட்டியதும் யாரும் எழ மாட்டார்கள். கையில் இருக்கும் வேலை முடிந்த பிறகுதான் எழுவார்கள். தட்டுகிறவர்களும் காத்திருக்கப் பழகியிருந்தார்கள். கழிப்பறைக்கு மட்டும் இது ஆகாது. மாதவிடாய் நாட்களில் கட்டடத்தைச் சுற்றிப் போய்வர கான்ட்ராக்ட் மேஸ்திரி விடமாட்டார் என்பதால், நடுக்கதவுக்கு அருகில் கிழிந்த விரிப்பொன்றைத் தொங்கவிட்டு ஒரு மறைவு வைத்திருந்தார்கள். துணி மாற்றிக்கொள்வது அங்கேதான்.

சம்பவத்தன்று மதிய உணவுக்குச் சற்று முன்பு, புதிதாக வேலைக்கு வந்த ஆள் ஒருவர் ஷட்டர் பக்கம் உள்ள ப்ளீச்சிங் தொட்டியில் ஆசிட் கேனை ஊற்றிவிட்டார். ப்ளீச்சிங் கேனும் ஆசிட் கேனும் ஒரே நீல நிறம், ஒட்டியிருந்த சீட்டு ஈரத்தில் உரிந்திருந்தது. பச்சை கலந்த மஞ்சள் புகை எழுந்தது என்று மேசைப் பெண்கள் சொன்னார்கள். கண் எரிந்ததும் எல்லோரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஷட்டர் வழியாக ஓடினார்கள். என் நாத்தனார் அப்போது மறைவுக்குள் இருந்தாள். புகை அவளுக்கும் ஷட்டருக்கும் நடுவில் இருந்தது. அவளுக்கு இருந்தது நடுக்கதவு மட்டும்.

நான் என் மேசையில் இருந்தேன். கதவு தட்டப்பட்டது. இஸ்திரி அக்கா தலையைத் தூக்காமல், "தண்ணிக்குத்தான். இந்தச் சட்டையை முடிச்சுட்டு விடுறேன்" என்றார். இரண்டு தட்டோடு நின்றிருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன். நிற்கவில்லை. உள்ளங்கையால் விடாமல் அடிக்கும் சத்தம். நான் எழுந்து கதவருகே போனேன். கீழ் இடைவெளியிலிருந்து வந்த நெடியில் எனக்கு மூச்சு அடைத்தது. பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சாவி, சாவி என்று கத்தினேன். இஸ்திரி அக்கா ஓடிவந்து, "சாவி உங்க வீட்டுக்காரர்கிட்டதானே இருக்கு! ஓடுங்க!" என்றார்.

அதன் பிறகு நான் மருத்துவமனை வாசலுக்கு ஓடினேன். அங்கே சங்கத்தின் வாயிற்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இயந்திர ஆட்களின் தேநீர் இடைவேளையைக் குறைத்ததைக் கண்டித்து என் கணவர் மைக்கில் பேசிக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கிப் போனபோது சங்கத் தோழர் ஒருவர் கையை நீட்டித் தடுத்து, "அண்ணி, அண்ணி, பேசி முடிச்சிரட்டும். முக்கியமான இடத்துல இருக்காரு" என்றார். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. அவரைத் தள்ளிவிட்டு மேடை போல் போட்டிருந்த பெட்டியின் மேல் ஏறி, என் கணவரின் சட்டைப் பைக்குள் கையை விட்டேன். கூட்டம் சிரித்தது. யாரோ, "என்ன அண்ணி, மாசக் கடைசியா?" என்று கேட்டார்கள், அதற்கும் சிரித்தார்கள். என் கணவரும் மைக்கில், "வீட்டு நிர்வாகம் இதைவிட மோசம் தோழர்களே" என்றார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் நான் சாவியுடன் திரும்ப ஓடிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பின்னாலேயே ஓடிவந்தார்.

நான் வந்தபோது இஸ்திரி அக்கா, சூடான இஸ்திரிப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி அதன் அடிப்பக்கத்தால் பூட்டை அடித்துக்கொண்டிருந்தார். பூட்டு நசுங்கியிருந்தது, திறக்கவில்லை. அவருடைய இடது உள்ளங்கை வெந்து தோல் சுருண்டிருந்தது. அதற்குள் மறுபக்கத்தில் தட்டும் சத்தம் நின்றிருந்தது. பூட்டு நசுங்கியிருந்ததால் சாவியும் எளிதில் நுழையவில்லை, என் கணவர்தான் முறுக்கித் திறந்தார். என் நாத்தனார் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள், கதவு திறந்ததும் எங்கள் பக்கம் விழுந்தாள். இடுப்புத் துணி பாதிதான் கட்டியிருந்தது. அந்த நிலையிலும் இஸ்திரி அக்கா முதலில் செய்தது, அயர்ன் செய்து மடித்து வைத்திருந்த விரிப்பொன்றை எடுத்து அவள் மேல் போர்த்தியதுதான். இதை நான் கண்ணால் பார்த்தேன்.

அதன் பிறகு அவளை அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிப் போனோம். நினைவு இருந்தது. முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். அவள் அதைப் பிடுங்கி எங்களிடம் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். திரும்ப வைத்தார்கள், மறுபடி கையைத் தூக்கினாள். அதனால் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினார்கள். நான் நர்ஸிடம், அவள் கையால்தான் பேசுவாள், ஒரு கையையாவது அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டேன். "பேச வேண்டாம்மா, இப்ப அமைதியா இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் தவறு இல்லை, மூச்சுதான் முக்கியம். மாலை வரை அவள் என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தாள். கட்டின துணிக்குள் விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. பொழுது சாயும்போது இறந்தாள். கைகளைக் கட்டியிருந்த துணி எங்கள் சலவைக்கூடத்தில் துவைத்தது.

அடுத்த நாளிலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். முதலில் சங்கத் தலைவர் வந்தார். ப்ளீச்சிங் தொட்டி, கேன்களின் நிறம், நிர்வாகத்தின் அலட்சியம், இதை மட்டும் சொல்ல வேண்டும் என்றார். கதவைப் பற்றிப் பேசினால் தொழிலாளிக்கு எதிராகத் தொழிலாளி என்று ஆகிவிடும் என்றார். அடுத்து மாதர் சங்கத்து அம்மா வந்தார். என்னைக் கட்டிப்பிடித்து உண்மையாகவே அழுதார். கழிப்பறை இல்லாததைச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பிரித்தால் பெண்கள் ஒன்றாக நிற்க முடியாது, இஸ்திரி போடுகிறவர்களும் பெண்கள்தானே என்றார். காது கேளாதோர் சங்கத்திலிருந்து வந்தவர், மணியோடு சேர்ந்து ஒளிரும் எச்சரிக்கை விளக்கு இல்லாததுதான் காரணம் என்று எழுதிக் காட்டினார். மணி யாருக்குமே கேட்காது என்று நான் பதில் எழுதினேன். அது வழக்கைப் பலவீனமாக்கும் என்று எழுதினார். கடைசியாக எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்துத் தையற்காரர் வந்தார். இது நம் மக்களுக்கு நேர்ந்த அவமானம், இஸ்திரிக்காரி பெஞ்சுக்காகச் செய்த புகாரைச் சொல்ல வேண்டும் என்றார். சாவியைப் பற்றிக் கேட்டேன். "அது நம்ம ஆளு கையில இருந்துச்சுன்னு ஊர் சிரிக்கணுமா? வீட்டுக்குள்ள வெச்சுக்கம்மா" என்றார்.

நான்கு பேரும் சுவரொட்டிக்குப் படம் கேட்டார்கள். அவளுடைய படம் ஒன்றுதான் இருந்தது, என் மகள் பள்ளி முடித்த அன்று எடுத்தது. எல்லோருக்கும் அதையே கொடுத்தேன். நான்கு சுவரொட்டிகளையும் தண்டவாளச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். ஒன்றில் கை வெட்டுப்பட்டிருக்கிறது, ஒன்றில் கை மட்டும் பெரிதாக இருக்கிறது. நான்கு பேர் இறந்தது போல் இருக்கிறது.

அவர்கள் கேட்டது எல்லாமே கிடைத்துவிட்டது என்பதையும் எழுத வேண்டும். தொட்டியை மாற்றிவிட்டார்கள். விளக்கு பொருத்திவிட்டார்கள். அழுக்குப் பக்கத்திலேயே தனிக் கழிப்பறையும் தனிக் குழாயும் கட்டுகிறார்கள், அதற்கு என் நாத்தனாரின் பெயரை வைக்கப்போவதாக மேலாளர் சொன்னார். எல்லாம் அந்தப் பக்கத்திலேயே வந்துவிட்டதால் இனி நடுக்கதவுக்கு அவசியம் இல்லை என்று சொல்லி, நேற்று அதைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். நான் வேலைக்குப் போனபோது சிமெண்ட் ஈரமாக இருந்தது. எந்தச் சங்கமும் ஆட்சேபிக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் கோரிக்கை வென்றது என்று துண்டறிக்கை போட்டிருக்கிறது.

இஸ்திரி அக்காவை நேற்று முன்தினம் இங்கே அழைத்து வந்து வைத்திருப்பதாக அறிந்தேன். சாவி அவரிடம் இருந்தது, வேண்டுமென்றே திறக்கவில்லை என்று மேலாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சங்கம் மறுக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்ட இரவு என் கணவர் என்னிடம் பேசினார். "நீ பொய் சொல்ல வேணாம். சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு தெரியலன்னு சொல்லு, போதும். நான் உள்ள போனா அந்த நிரந்தர ஆட்கள் கதி என்ன? நம்ம பக்கத்துல பேசுறதுக்கு வேற யாரு இருக்கா? அந்தப் பொம்பளை நம்மள பெஞ்சில உட்கார விடாதவ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ என் தங்கச்சிடீ" என்று சொல்லிவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். நான்தான் கையைக் குறுக்கே வைத்துத் தடுத்தேன். அவர் சொன்னது எல்லாமே உண்மை. அவர் போனால் பேச ஆள் இல்லை. அந்த அக்கா எங்களை உட்கார விடாதவர்தான். தன் கணவர் இறந்த பிறகு, படுத்த படுக்கையாக இருக்கும் தாயாரை வைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளுகிறவர். அவரை உள்ளே வைத்தால் கேட்க எந்தச் சங்கமும் வராது என்பதால்தான் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே சொல்கிறேன். சாவி இஸ்திரி அக்காவிடம் ஒரு நாளும் இருந்ததில்லை. அது என் கணவரின் சட்டைப் பையில் இருந்தது, நான்தான் எடுத்தேன், கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அதை அவரிடம் கொடுத்தது சங்கம். பூட்டச் சொன்னது மேலாளர். பூட்டக் கேட்டது இஸ்திரி அக்கா. தட்டினால் காத்திருக்கப் பழக்கியது சுத்தப் பக்கத்தில் இருந்த நாங்கள் எல்லோரும்.

இதைப் படித்துப் பார்த்த ஆய்வாளர், "அம்மா, ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லுங்க. பொண்ணுங்கறதால, அந்தப் பக்கங்கறதால, காது கேட்காததால, கான்ட்ராக்டுங்கறதாலன்னு நாலா எழுதினா கோர்ட்டுல ஒண்ணும் நிக்காது" என்றார். செத்தது ஒருத்திதான் சார், நாலு பேர் இல்லை என்றேன். அவர், "இதை வெச்சு நான் உங்க வீட்டுக்காரரை மட்டுந்தான் பிடிக்க முடியும். தெரியும்ல?" என்று கேட்டார். தெரியும் என்றேன். மேலாளர் கிருமி என்றுதான் எழுதியிருக்கிறார். சங்கம் நிபந்தனை என்று எழுதியிருக்கிறது. பையில் சாவி வைத்திருந்தவர் ஒருவர்தான்.

இதுவரை எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாசித்தேன். யாருடைய மிரட்டலுக்காகவும் எழுதவில்லை. பலர் பலவிதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள், அவர்கள் சொல்லிக்கொடுத்ததையும் உள்ளபடியே எழுதியிருக்கிறேன். நான் அறிந்தவரை இதில் பொய் இல்லை. வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று ஆய்வாளர் கேட்டார். வழக்குக்கு இது தேவையில்லை என்றாலும், சேர்க்க விரும்புகிறேன்.

மேசையில் ஓர் இடம் காலியானால் அதே வீட்டிலிருந்துதான் அடுத்த ஆளை எடுப்பார்கள். அதுவும் எங்கள் குடியிருப்புச் சங்கம் போராடி வாங்கிக் கொடுத்த உரிமை. காரியம் முடிவதற்கு முன்பே மேஸ்திரி வந்து, உங்கள் வீட்டு இடம் அப்படியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். என் மகள், "அத்தை நின்ன இடம்மா, நான் போறேன்" என்றாள். என் கணவர் தலையை ஆட்டினார். வருகிற திங்கட்கிழமை அவள் அங்கே நிற்க வேண்டும்.

அவள் நிற்க மாட்டாள். இங்கே கையெழுத்திட்டதும் வீட்டுக்குப் போய் அவளுடைய துணிகளைக் கட்டி, இன்று மாலை பேருந்தில் அவளைத் தூரத்து நகரம் ஒன்றுக்கு அனுப்பப் போகிறேன். என்னோடு கல்லூரியில் படித்தவள் ஒருத்தி அங்கே விடுதி நடத்துகிறாள். அங்கே தங்குகிறவர்கள் யார் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. அதனால், சொந்த ஊரைக் கேட்டால் வேறு ஊரைச் சொல், அப்பாவைக் கேட்டால் இறந்துவிட்டார் என்று சொல், அத்தை என்று ஒருத்தி இருந்ததையே சொல்லாதே என்று சொல்லி அனுப்பப் போகிறேன். தலையை நிமிர்த்தி எங்கே இருந்து வருகிறாய் என்பதைச் சொல் என்று நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். இனி அவள் இங்கே வரக் கூடாது. நான் இறந்தாலும் வரக் கூடாது. இந்த முடிவை வெளியே உட்கார்ந்திருக்கும் என் கணவரிடம் சொல்லவில்லை. மகளிடமும் இன்னும் சொல்லவில்லை.

(கையெழுத்து)